“பார்த்தது” என்ற கட்டம்

ஜூன் 7, சனி

மில்லர் ஓடை இறங்குதுறை. காலை ஏழு முதல் பகல் ஒன்று வரை. தென்மேற்குக் காற்று, நீர் 74 டிகிரி ஃபாரன்ஹீட். திரும்பிய தூண்டில் படகுகள் பதினொன்று. பதினொன்றிலும் எத்தனை மீன் என்று கேட்டு எழுதினேன்.

எழுதினேன் என்பது சரி. கேட்டேன் என்பதும் சரி. பார்த்தேனா?

மீன்வளத் துறையின் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஆட்கள் வைத்துக்கொண்ட வரிமீனை, விலாவில் கருங்கோடு ஓடும் அந்தப் பெரிய மீனை, பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து நானே எண்ணி அளந்தால் “பார்த்தது.” வாயால் சொன்னதை மட்டும் எழுதினால் “கேட்டது.” வித்தியாசம் ஒரு டிக் அடையாளம்தான். ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு வரிமீனும் மேலே போய்ச் சில நூறு மீன்களாகப் பெருகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். விரிகுடா முழுவதும் தூண்டில்காரர்கள் எத்தனை மீன் எடுத்தார்கள் என்பதை இப்படித்தான் கணிக்கிறார்கள்.

இன்று லோரன் ஹாய்ட் வந்தார். நான் வேதியியல் கற்பித்த பள்ளியில் இருபத்திரண்டு வருடம் தலைமையாசிரியர், இப்போது தூண்டில் சங்கத்தின் தலைவர். பெட்டி மூடியில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். “ரெண்டு வச்சிருக்கோம், பதினேழு விட்டுட்டோம். எழுதிக்கோங்க எல்வுட்.”

அளவுபலகை என் அக்குளில் இருந்தது. அளக்க வேண்டும் சார் என்பது நாக்கு வரை வந்தது. அவர் கை மூடியை விட்டு நகரவில்லை. ரெண்டு என்று எழுதினேன். “பார்த்தது” கட்டத்தில் டிக் போட்டேன்.

“கேட்டது” போட்டிருக்கலாம். போன வருடம் அது அதிகமாகிவிட்டது என்று மேற்பார்வையாளர் ஐவி காரணம் கேட்டாள். அதற்குப் பயம். இதற்கும் பயம்.

ஜூன் 14, சனி

சங்கத்துப் படகுகள் ஏழு. ஏழிலும் அதே கதை. ஒருவர் படகைக் கட்டிக்கொண்டே அடுத்தவரிடம் சொன்னார். “நம்ம வாத்தியாரு நல்ல மனுஷன்பா. பெட்டியைக் கிளற மாட்டாரு.”

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 15, ஞாயிறு

என் மனைவி நெட்டியின் தம்பி ராய்ஸ் சாப்பிட வந்தான். அவித்த நண்டு, சோளம். ஆற்று முகத்தில் கழிகள் ஊன்றி வலை கட்டுகிறான், அவன் அப்பா கட்டிய அதே இடத்தில். வலையில் எடுக்கும் ஒவ்வொரு வரிமீனின் வாயிலும் அரசு எண்ணிக் கொடுக்கும் பிளாஸ்டிக் டேக் ஒன்றை மாட்ட வேண்டும். டேக் தீர்ந்தால் அந்த வருடத்துப் பிழைப்பும் தீர்ந்தது. அடுத்த வருடம் டேக்கைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு.

“குறைச்சா லைசென்ஸைக் குடுத்துட்டு சிமெண்ட் லாரி ஓட்டப் போறேன்” என்றான்.

“நீ லாரி ஓட்டினா ஊர்ல ரோட்டோரத் தபால்பெட்டி ஒண்ணுகூட இடிபடாம மிஞ்சாது” என்றாள் நெட்டி.

பிறகு வழக்கமான பழைய கதை. பதினைந்து வயதில் என் வேதியியல் வகுப்பில் இருந்தான். தண்ணீர் கொதித்தபோது வெப்பமானியைப் பார்க்காமலே, புத்தகத்தில் உள்ளபடி 212 என்று எழுதினான். அந்த வெப்பமானி பழுது, 209-தான் காட்டும். ஃபெயில் போட்டேன். அப்போது நான் அவன் அக்காவை மணந்து நான்கு வருடம்.

“சொந்த மச்சினனை ஃபெயிலாக்கின ஒரே ஆளு இந்த ஊர்ல நீங்கதான் மச்சான்” என்றான் நண்டுக் காலை உடைத்துக்கொண்டு. நாற்பது வருடமாகச் சொல்கிறான். எப்போதும் சிரிப்பேன். இன்று எழுந்துபோய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 4, வெள்ளி

சுதந்திர தின வாணவேடிக்கை பார்க்கப் போகவில்லை. தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மே, ஜூன் கணிப்பு வந்துவிட்டது. எங்கள் பகுதியில் தூண்டில்காரர்கள் எடுத்த வரிமீன் போன வருடத்தில் பாதி.

அதைக் கையில் வைத்துக்கொண்டு மீன்வளக் குழு ஒரு வரைவு போட்டிருக்கிறது. குஞ்சு மீன்கள் பல வருடமாகக் குறைவு, யாராவது பிடிப்பதைக் குறைத்தாக வேண்டும். தூண்டில்காரர்கள் ஏற்கெனவே குறைத்துவிட்டார்கள், ஆகவே அவர்களுக்கு மாற்றமில்லை. வலைக்காரர்களின் டேக்கில் நூற்றுக்குப் பதினான்கு வெட்டு. மக்கள் கருத்துக் கூட்டம் செப்டம்பர் 16.

மூன்று முறை படித்தேன். பாதி என்று யார் சொன்னது? எங்கள் பகுதியில் கேட்டு எழுதுகிறவர்கள் இரண்டே பேர். மற்றவருக்கு முட்டி அறுவை, மே, ஜூன் முழுவதும் வரவில்லை.

அப்படியானால் நான்.

ஆகஸ்ட் 20, புதன்

படிவங்களின் நகல்களை எடுத்து மேசையில் பரப்பினேன். அறுபத்து மூன்று. அன்றன்றைய நாட்குறிப்போடு ஒப்பிட்டேன். உண்மையில் பெட்டிக்குள் பார்த்தது இருபத்திரண்டு. மீதி நாற்பத்தொன்றில் “பார்த்தது” என்று என் கையெழுத்தில் இருக்கிறது, நான் பார்க்கவில்லை.

அவர்கள் பொய் சொன்னார்களா? தெரியாது. ஒருவேளை நிஜமாகவே குறைவாகப் பிடித்திருக்கலாம். அப்படியானால் நான் செய்த தவறால் நஷ்டம் இல்லை.

இல்லை. இப்படி யோசிப்பதற்குத்தானே ராய்ஸுக்கு ஃபெயில் போட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

இறங்குதுறைக்குப் போகவில்லை. வயிற்றுக் கோளாறு என்று ஐவிக்குச் செய்தி அனுப்பினேன். கூரைத் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்தேன். போன வாரம்தான் சுத்தம் செய்தது. தபால்பெட்டிக்கு நான்கு முறை போய் வந்தேன்.

“உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள் நெட்டி.

ஒன்றும் இல்லை என்றேன். “அந்த ஒண்ணுமில்லாததை எறக்கி வச்சிட்டு உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எழுந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராய்ஸ் வரவில்லை. அவன் லைசென்ஸை விலைக்கு வாங்க டேஞ்சியர் தீவிலிருந்து யாரோ வந்து பேசுகிறார்களாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இதை ஒழுங்காக யோசித்து எழுத முயல்கிறேன்.

சொன்னால் என் வேலை போகும், அது பெரிதில்லை. ஊரில் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: மச்சினனுக்காகக் கணக்கைக் கலைக்கிறான். அது பொய் என்று நான் சத்தியம் செய்ய முடியுமா? ராய்ஸ் யாரோ ஒருவனாக இருந்தால் இப்படித் தவித்திருப்பேனா?

சொல்லாவிட்டால் ராய்ஸ் லாரி ஓட்டுவான். காரணம் என் டிக் என்று அவனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து 212 கதை சொல்லுவான்.

நெட்டியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு, “ஹாய்ட்கிட்டயா பயந்தீங்க? அவரு சட்டையில எப்பவும் ஒரு பட்டன் மாத்திப் போட்டிருப்பாரே, அவருகிட்டயா?” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ராய்ஸின் கொட்டகைக்குப் போனேன். வலைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல வராது என்று. நாற்பத்தொரு படிவம், ஹாய்ட், பெட்டி, எல்லாம்.

பிரஷ்ஷை டப்பாவில் வைத்தான். விரல்களைத் துணியில் துடைத்தான்.

“பாக்காம எழுதினீங்க.”

“ஆமா.”

“நீங்க.”

“ஆமா.”

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“கூட்டத்துல சொல்லப் போறீங்களா?”

“சொல்லணும்னு நெனைக்கிறேன்.”

“எனக்காகன்னா வேணாம் மச்சான். அப்புறம் துறையில நான் யாரு மூஞ்சியிலயும் முழிக்க முடியாது. வாத்தியாரு வீட்டு டேக்குன்னு பேரு வச்சிடுவானுங்க.” பிரஷ்ஷை மறுபடி எடுத்தான். “நான் ஃபெயிலானப்ப எங்கப்பா பெல்ட்டைக் கழட்டினாரு. அது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. நாற்பது வருடமாகத் தெரியாது. அந்தக் கதையில் அது வந்ததே இல்லை.

செப்டம்பர் 3, புதன்

ஐவிக்குக் கடிதம். ஏழு வரைவு. ஆறாவதில் என் வயதைக் காரணமாக எழுதியிருந்தேன், கிழித்தேன். ஏழாவதில் காரணமே இல்லை, எண்கள் மட்டும். தேதிவாரியாக நாற்பத்தொன்று. அஞ்சலகத்திலேயே போய்ப் போட்டேன். வீட்டு வாசல் பெட்டியில் போட்டால் தபால்காரர் எடுக்க வருவதற்குள் திரும்ப எடுத்துவிடுவேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஐவி தொலைபேசியில் பேசினாள். நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை. “மிஸ்டர் கீன், இது எவ்வளவு பெரிய தலைவலின்னு உங்களுக்குத் தெரியுமா?” தெரியும் என்றேன். “கூட்டத்துக்கு முன்னாடி குழு கையில இது போய்ச் சேருமான்னு சொல்ல முடியாது. மேல நாலு மேசை தாண்டணும்.” அதுவரை இறங்குதுறைக்குப் போக வேண்டாம் என்றாள்.

அப்படியானால் வாயால்தான். நான், நூறு பேர் முன்னால்.

செப்டம்பர் 15, திங்கள்

நாளை கூட்டத்தில் படிக்க மூன்று வாக்கியம். குளியலறையில் பதினொரு முறை படித்துப் பார்த்தேன். நாற்பது வருடம் வகுப்பில் பேசியவன்தானே. ஆனால் அங்கே விடை எனக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இப்போதுதான் வீடு திரும்பினோம். அப்படியே எழுதிவிடுகிறேன்.

தீயணைப்பு நிலையக் கூடம். பின்னால் மகளிர் அணி நண்டுக் கட்லெட் விற்றுக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே வலைக்காரர்கள் இடது பக்கம், தூண்டில்காரர்கள் வலது பக்கம். நான் நடுவில் கடைசி வரிசை. என் எண் 23. ஆளுக்கு இரண்டு நிமிடம்.

ஹாய்ட் நன்றாகப் பேசினார், எப்போதும் போல. “நாங்க பிடிக்கிற பத்துல ஒம்பதைத் தண்ணியிலயே விட்டுடறோம். அது நீந்திப் போயிடும். வலையில விழுந்தது சந்தைக்குத்தான் போகும். எண்ணிக்கையைப் பாருங்க, எங்க பங்கை நாங்க செஞ்சாச்சு.”

இடது பக்கத்திலிருந்து ராய்ஸின் பக்கத்து வலைக்காரி ஓப்பல் எழுந்தாள். “விட்டுட்டோம் விட்டுட்டோம்னு சொல்றீங்களே, வெயில் காலத்துல வயிறு மேல தெரிய மிதந்து வருதே, அதெல்லாம் யாரு விட்டது? என் வலைக்கு நீச்சல் கத்துக்கவா வருது?” இடது பக்கம் முழுவதும் சிரித்தது. வலது பக்கத்தில் ஒருவர், “முறை வரும்போது பேசும்மா” என்றார். “என் முறை எங்க தாத்தா காலத்துலயே வந்தாச்சு” என்றாள்.

இருபத்து மூன்று.

எழுந்தேன். காகிதத்தைப் படித்தேன். மே, ஜூன் மாதங்களில் மில்லர் ஓடையில் கணக்கெடுத்தது நான். நாற்பத்தொரு படகில் பெட்டியைப் பார்க்காமல் பார்த்ததாக எழுதினேன். அந்த எண்களை நம்பி யாருடைய பங்கையும் வெட்ட வேண்டாம்.

குரல் முன்வரிசைக்குக்கூட எட்டவில்லை. குழுத் தலைவர் மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். இரண்டாம் முறை கேட்டுவிட்டது.

வலது பக்கத்திலிருந்து: “மச்சினனுக்காகப் பேசறாருங்க.”

காகிதத்தில் இதற்குப் பதில் இல்லை. “ராய்ஸ் ப்ரூயிட் என் மனைவியோட தம்பி. அதையும் குறிச்சுக்கோங்க” என்றேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நிஜமா எத்தனை மீன் சார்? கூடவா, குறைவா?”

“தெரியாது. தெரியாதுன்னு சொல்லத்தான் வந்தேன்.”

உட்காரும்போது நாற்காலி சரிந்து சத்தம் போட்டது. ஹாய்ட் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அதில். நான் ஏதோ புரியாத மொழியில் பேசியதைப் போல ஒரு பார்வை. ராய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெட்டி இரண்டு நண்டுக் கட்லெட் பொட்டலம் கட்டி வாங்கி வந்தாள். காரிலேயே உட்கார்ந்தோம். இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

கடையில் ரொட்டி வாங்கப் போனேன். சங்கத்துக்காரர் ஒருவர் என் வணக்கத்தைக் கவனிக்காதவர்போல் கடந்தார். வெளியே ஒரு வலைக்காரர் முதுகில் தட்டினார். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ராய்ஸ் வரவில்லை. கொட்டகையில் சொன்னதிலிருந்து நான்காவது ஞாயிறு.

அக்டோபர் 7, செவ்வாய்

குழு முடிவு வந்தது. என் கடிதமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மில்லர் ஓடைப் படிவங்கள் அத்தனையும் நீக்கம், பார்த்த இருபத்திரண்டும் சேர்த்து. அது இல்லாமல் எங்கள் பகுதியின் கணிப்பு நிற்காது. ஆகவே வெட்டு இருவருக்கும்: வலைக்கு நூற்றுக்கு ஏழு, தூண்டிலுக்கு அடுத்த ஆண்டில் மூன்று வாரம் தடை. இருவரும் திட்டுகிறார்கள். ஓப்பல் என்னை வைத்துக்கொண்டே திட்டினாள், ஒருவகையில் மரியாதையாக இருந்தது.

மீனுக்கு இது போதுமா? யாருக்கும் தெரியாது.

ராய்ஸ் லைசென்ஸை விற்கவில்லை என்று நெட்டி சொன்னாள். அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 10, வெள்ளி

ஐவி. “உங்களை எடுத்துடணும்னுதான் மேல சொன்னாங்க. தப்பை அவங்களே எழுதி அனுப்பினவங்க இதுவரை எத்தனை பேருன்னு கேட்டேன். ஒருத்தரும் இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க. சனிக்கிழமை, பதினெட்டாந்தேதி. நான் காருக்குள்ள உக்காந்து பாத்துட்டிருப்பேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்று வந்துவிட்டது.

அக்டோபர் 18, சனி

மில்லர் ஓடை இறங்குதுறை. வடமேற்குக் காற்று. ஆறு படகுகள். ஐவி சொன்னபடி காருக்குள்.

நான்காவது ஹாய்ட். கூட சங்கத்தின் செயலாளர். மூடியில் கை. “ரெண்டு” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

“பெட்டியைத் திறக்கணும் சார்.”

“என்ன?”

மறுபடி சொன்னேன்.

கையை எடுத்தார். திறந்தேன். பனிக்கட்டி, அதன்மேல் இரண்டு வரிமீன். அளந்தேன்: இருபதரை அங்குலம், இருபத்து மூன்று அங்குலம். இரண்டும் சட்டத்துக்குள். குறித்தேன்.

“ஜூன்லயும் இதேதான் இருந்தது எல்வுட்” என்றார் மெதுவாக.

“இருந்திருக்கலாம் சார். நான் பாக்கல.”

மூடியை அவர் போட வந்தார், நானே போட்டுவிட்டேன்.

அவர் போன பிறகு ராய்ஸின் படகு வந்தது. வலைக்காரர்களைக் கேட்பது என் வேலையில்லை. பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இன்ஜினை அணைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டியபடி கேட்டான்.

“தண்ணி எவ்வளவு மச்சான்?”

காலை ஏழு மணிக்கு 63. படிவத்தில் இருக்கிறது. வாய் வரை வந்துவிட்டது.

“இரு, பாத்துட்டுச் சொல்றேன்” என்று வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கினேன். அது நிற்கும்வரை அவன் அங்கேயே நின்றான்.

64.