தோல் சீட்டு வண்டி

செஞ்சி
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் யாழினிக்கு உன் நைனா எழுதுவது. சித்தாமூர் பார்சுவநாதர் புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் புது வண்டியும் ஒரு கீறல் இல்லாம இருக்கிறோம், அதே மாதிரி நீயும் அந்தப் புனாவுல பொழுதோட சாப்பிட்டு பொழுதோட படுத்து சொகமா இருக்கணும். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன் கையெழுத்து, கோழி கிளறினாப்லதான் இருக்கும், நீ காலேஜுல படிச்ச படிப்பெல்லாம் இதைப் படிக்கத்தான்னு நெனச்சுக்க. போன்ல சொல்லலாம்னா உங்கம்மா உடனே ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவா, அவ காதுல விழ வேணாம்னுதான் காகிதம். அவ இன்னைக்கு வீட்ல இல்ல, ஆனா போனைச் சும்மா வச்சிருக்கணும். அதைக் கடைசியில சொல்றேன்.

நைனா இன்னும் திண்டிவனம் ரோட்டு டீக்கடையில உக்காந்து போற வர்ற வண்டிக்கெல்லாம் மார்க் போடறாரான்னு கேட்டியாமே. போடறேன், எல்லாம் பெயிலுதான். முன்னயெல்லாம் ஒரு மாருதி எண்ணூறு வந்தா பொண்ணு பாக்க வந்த வீட்டுக்காரங்க மாதிரி சிரிச்ச மூஞ்சியா வரும், இப்ப வர்றதெல்லாம் உர்ருன்னு, வரப்புச் சண்டைக்கு வந்தவனாட்டம் வருது. மண்டைக்கு மேல ஒரு ஜன்னல் வேற. செஞ்சி மலைக் கல்லு காயற வெயில்ல யாருடா அதைத் திறப்பான், அப்பளம் காய வைக்கலாம். ஏசியைக் கொஞ்சம் கூட்டணும்னா டிவிப் பொட்டி மாதிரி ஒண்ணைத் தொட்டுத் தடவி தேடணும், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கு நடுவுல அதைத் தேடிக்கிட்டிருந்தா ரோட்டை யார் பாக்கறது, அங்காளம்மனா. பழைய காலத்துத் திருகு இருந்தா கண்ணை எடுக்காம கையே கண்டுபிடிச்சுடும். சில வண்டியில ஸ்டெப்னியைக் கூடப் புடுங்கிட்டு பஞ்சர் ஒட்ட ஒரு டப்பாவைக் குடுத்து அனுப்பறான். புது வண்டியில நான் வாயைத் திறந்து நல்லதுன்னு சொல்றது ஒண்ணே ஒண்ணு, அந்த ஆட்டோமேட்டிக் கியர். ஆனா கம்பெனிக்காரன் புத்தி பாரு, நமக்கு எது வேணுமோ அதை மட்டும் தனியா குடுக்க மாட்டான். கருவேப்பிலை கேட்டா கூடவே ஒரு வாழைத்தாரையும் தூக்கிட்டுப் போன்னுவான். கியர் இல்லாத வண்டி வேணும்னா மண்டை ஜன்னலும் வேணும், பெரிய டிவியும் வேணும், தோல் சீட்டும் வேணும். அந்தத் தோல் சீட்டுலதான் நான் விழுந்தேன் கண்ணு.

நீ படிச்சுப் படிச்சு சொன்ன, நைனா, அம்மாவுக்கு இடது காலுல பலமில்ல, கிளட்ச் மிதிக்க முடியாது, ஆட்டோமேட்டிக்கே வாங்குன்னு. வாங்கினப்புறம் கேட்டதுக்கு கியர் வண்டிதான் நம்ம ஊருக்கு ஒத்துவரும்னு மழுப்பிட்டேன். நடந்தது இதுதான். கடைக்காரப் பையன் டை எல்லாம் கட்டிக்கிட்டு, சார் ஆட்டோமேட்டிக் டாப் மாடல்லதான் வரும், பிரீமியம் லெதர் சீட் சார்னு தட்டிக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. செருப்புல கூட தோல் ஆவாதுன்னு ரப்பர்ல நடக்கிற சமண நைனார் வீட்டுக்காரன், தோல் மேல உக்காந்து சித்தாமூர் கோயிலுக்குப் போவறதா. எருமை மேல எமன்தான் உக்காருவான், நான் எதுக்குத் தம்பி உக்காரணும்னேன், கடையே சிரிச்சுது. உங்கம்மா என் கையைத் தொட்டு, நெஜமாவே தோலான்னு ஒரு வார்த்தை கேளுங்கன்னா. விக்கிறவனே லெதர்னு சொல்றான், இன்னும் இன்னா, மாட்டையா கூப்பிட்டு சாட்சி கேக்கறதுன்னேன். மறுபடியும் சிரிச்சாங்க. உங்கம்மாவும் சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் இப்ப எனக்குக் குத்துது. துணி சீட்டு போட்ட கியர் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

அதுக்கு முந்தியே அவ எல்எல்ஆர் வாங்கிட்டா தெரியுமில்ல. போன்லயே போர்டு படமெல்லாம் படிச்சு ஒரே தடவையில பாஸு. நான் லைசன்ஸ் வாங்கப் போனப்ப எட்டு போடச் சொன்னாங்க, நான் போட்டதை எந்தக் கணக்கு வாத்தியாராலயும் படிச்சிருக்க முடியாது. அவ என்னை மாதிரி இல்ல. புது வண்டியை கோட்டை அடிவாரத்துல ஒரு நாள் எடுத்துப் பாத்தா, இடது கால் கிளட்ச்சை பாதி வரைக்கும்தான் தள்ளுது, குலுங்கிக் குலுங்கி நின்னு போச்சு. இறங்கி சாவியைக் குடுத்துட்டு, உங்களுக்குத்தான் இது நல்லா இருக்குதுன்னா. நானும் பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டேன், மரமண்டை.

போன மாசம் சித்தாமூர் கோயிலுக்குப் போயிருந்தோம். உன் மாமன் சாந்திகுமார் வந்து பக்கத்துல வண்டியை நிறுத்தறான், பாத்தா நான் வேணாம்னு சொன்ன அதே ஆட்டோமேட்டிக், அதே சீட்டு. நான் விடுவேனா, ஏண்டா மச்சான், கோயில் வாசல் வரைக்கும் மாட்டுத் தோல் மேலயே வந்துட்டியான்னு நாலு பேர் கேக்க மானத்தை வாங்கினேன். அவன் சிரிச்சுக்கிட்டே, மாமா இது தோலுமில்ல ஒண்ணுமில்ல, ரெக்சின், பேருதான் லெதரு, நான் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுட்டுத்தானே வாங்கினேன்னான். உங்கம்மா பக்கத்துலயே நிக்கிறா. என் மூஞ்சியை ஒரு தரம் பாத்தா, அவ்வளவுதான். அப்புறம் தம்பிகிட்ட, நான் ஒரு சுத்து ஓட்டட்டுமாடான்னு கேட்டா. அவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டான். தேர் ஓடற வீதி பூரா சுத்தினா யாழினி. இடது காலை ஓரமா மடக்கி வச்சுக்கிட்டு வலது காலால மிதிச்சு விட்டு, திருப்பத்துல மெதுவா, மாடு குறுக்க வந்தா நின்னு, என்னை விட நல்லா ஓட்டினா. ரெண்டாவது சுத்தும் போனா. வந்து எனக்கு நேரா நிறுத்தி கண்ணாடியை இறக்கினா. பாத்தீங்களான்னு ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். இறங்கிடறேன், தம்பிக்கு நேரமாவுதுன்னா. திரும்பி வர்ற வழியெல்லாம் நான் கிளட்ச் மிதிக்கறப்பல்லாம் அவ கால் மேல மிதிக்கிறாப்ல இருந்துச்சு.

மறுநாளே புரோக்கர் தனகோட்டியைக் கூப்பிட்டு இதை வித்துக் குடுறான்னேன். ரிப்பன் கூட அவுக்கல, வண்டி இன்னா தப்பு பண்ணுச்சு நைனாரேன்னு கேட்டான். வண்டி ஒண்ணும் பண்ணல, என் வாய்தான் பண்ணுச்சுன்னேன். அதுக்குள்ள உங்கம்மா உள்ளேயிருந்து வந்து, வித்துட்டா உங்க மனசு ஆறிடும், எனக்கு இன்னா வரும்னா. பாதி விலைக்கு வித்துட்டு பஸ் படியேறச் சொல்றீங்களா, நெல்லும் மல்லாட்டையும் ரெண்டு போகம் வரட்டும், அப்ப பாக்கலாம், வண்டிக் கடைக்குள்ள நான் போய்க்கறேன், நீங்க வெளியிலயே உக்காந்து ரோட்டுல போற வண்டிக்கு மார்க் போடுங்கன்னா. தனகோட்டி சிரிச்சான், எனக்குத்தான் சிரிப்பு வரல.

அவளுக்கு வண்டி ஓட்டணும்னு ஆசை வந்தது ஊர் சுத்த இல்ல கண்ணு, அதுவும் லேட்டாத்தான் புரிஞ்சுது. தளவானூருல உன் பெரியம்மா செல்லம்மாள் ஒண்டியா கிடக்கறா, அவகூட உக்காந்து அவ இஷ்டத்துக்குப் பேசிட்டு வரணும். பஸ்ஸுல ஏற முடியல. நான் கூட்டிட்டுப் போனா, மார்க்கெட் கமிட்டியில நெல் மூட்டை நிக்குதுன்னு கால் மணியில வாசல்ல நின்னு ஹார்ன் அடிக்கிறவன். இத்தினி வருசமா அவ அக்கா வீட்டுல பாதிப் பேச்சுலயே எழுந்து வந்திருக்கறா. சொந்தமா ஓட்டினா யாரு ஹார்ன் அடிக்கப் போறாங்க. அதைத்தான் நான் எருமை ஜோக்கு அடிச்சுக் கெடுத்துட்டேன்.

இன்னைக்குக் காலையில தளவானூருக்குக் கூட்டிட்டுப் போய் இறக்கினேன். வண்டியை வேப்ப மரத்தடியில நிறுத்திட்டு சாவியை அவ கையில குடுத்தேன். ஓட்ட முடியாத வண்டிக்கு சாவி எனக்கு எதுக்குன்னா. உன்கிட்ட இருந்தாத்தான் நான் ஹார்ன் அடிக்க முடியாது, பேசி முடிச்சுட்டு கூப்பிடு, நாளைக்கோ மறுநாளோ, நான் பஸ்ஸுல வந்து ஓட்டிட்டு வர்றேன்னேன். அவ சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. நான் மினி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், எதுக்க வந்த ஒரு வண்டியையும் பாக்கல. பொழுது சாயறதுக்குள்ள உப்புமா கிளறிச் சாப்பிட்டேன், உப்பு ஜாஸ்தி. போன் பக்கத்துலயேதான் இருக்குது, இன்னும் அடிக்கல.

நீ அவளுக்குப் போன் பண்ணினா வண்டிப் பேச்சை எடுக்காதே, பெரியம்மா இன்னா சமைச்சாங்கன்னு கேளு, சீக்கிரமா வெச்சுடு. உனக்கு எல்லா நல்லதும் நடக்கணும், நெறைஞ்ச ஆயுசோட இருக்கணும். நாளைக்கு நீயும் வண்டி எடுக்கறப்ப, பக்கத்துல நிக்கிறவங்க ஒண்ணு கேக்கச் சொன்னா கேட்டுடு கண்ணு, சிரிக்க வைக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம்.

இப்படிக்கு,
உன் நைனா
குணபாலன்

இருட்டிப் போச்சு. இன்னும் கூப்பிடல, பேசட்டும்.