அனுராதபுரமும் இரண்டு அம்மாக்களும்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நான்காவது நாளாக மழை. நாற்காலிக்கு நாற்காலி ஈரத்துணி. உட்கார இடமில்லை.

மகள் நிலாவுக்குப் பள்ளியில் புது வேலை. இடைக்கால உலகை மாற்றிய ஒரு நிகழ்ச்சியைப் பற்றி அட்டையில் எழுதி, படம் வரைந்து கொடுக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக. அவளுக்கு ஜோடி அபி. பக்கத்துத் தெரு சிவராணி அக்காவின் மகள், வேறு யார்.

டீச்சர் கொடுத்த பட்டியல்: கொள்ளைநோய், சிலுவைப் போர், மாக்னா கார்ட்டா, கான்ஸ்டான்டிநோபிள், மங்கோலியர். நம் பக்கம் ஒன்றுமே நடக்காத மாதிரி! பிள்ளைகளுக்குக் கொள்ளைநோய்தான் வேண்டுமாம். எலி வரையலாமாம்.

"தஞ்சாவூர்க்காரி வீட்டுல எலியா? சோழர் பத்தி எழுதுங்கடி."

"அம்மா, நோபடி நோஸ் தெம்."

அதற்காகத்தானே எழுதச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு வழியாக முடிந்தது. இராஜராஜன் படை இலங்கைத் தலைநகர் அனுராதபுரத்தைப் பிடித்தது. 993. நான் சொல்லச் சொல்ல நிலா ஆங்கிலத்தில் எழுதினாள். தலைப்பு 'மாபெரும் வெற்றி', தங்க நிறத்தில். வீட்டுக்காரர் ரமேஷ் எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கப்பல் வரை" என்றதோடு சரி. பாத்திரம் அப்படியே கிடந்தது.

அபி பார்க்கட்டும் என்று அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் வரிசை வாசல்வரை. எங்கள் நியூ லின் பக்கம் முழுக்க இருமல். அந்த நேரம் பார்த்து சிவராணி அக்காவின் போன்.

"சுதா, இதை ஆர் எழுதினது?"

"நான்தான்க்கா சொன்னேன். ஏன், தப்பா இருக்கா?"

"பிழையில்லை. ஆரின்ர பக்கத்தில நிண்டு எழுதினதெண்டு யோசிச்சன்."

"அக்கா, அவர் தமிழ் ராஜா..."

"ஓம். அதுக்கு?"

வைத்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்றல்லவா நினைத்தேன்! ரமேஷிடம் சொன்னால், "ஆயிரம் வருஷம் ஆச்சு, இப்ப யாருக்கு வலிக்குது?" என்கிறார். அக்காவும் ஒரு வார்த்தை விளக்கமாகச் சொல்ல மாட்டார். இவர்கள் நடுவில் நான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் அக்காவின் மெசேஜ். 'அபி வேற பிள்ளையோட செய்யட்டும்.' அவ்வளவுதான்.

தினமும் மூன்று மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வருவது அவர். இன்று நிலா தானாகவே பஸ்ஸில் வந்தாளாம். நான் வேலை முடிந்து வரும்போது சாக்ஸைப் பிழிந்துகொண்டு நிற்கிறாள். அபி வேனில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டாளாம். இவள் மாட்டேன் என்றாளாம். ரோஷம். யாரைக் கொண்டு பிறந்ததோ.

வாங்க: இருமல் மருந்து (கடையில் வேலை பார்த்துக்கொண்டே மறந்தேன்), தயிர், நல்ல குடை.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தவர் அக்கா. யார் எவர் என்றுகூடக் கேட்கவில்லை. அதனால் கோபப்படவும் முடியவில்லை. கோபமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

மழை விட்டிருந்தது. சொல்லாமல் போனேன். அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வாரும்" என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"என்னக்கா இது? எந்தக் காலத்துச் சண்டைக்கோ நாம ரெண்டு பேரும் பேசாம இருக்கணுமா?"

கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு அப்ப ஒன்பது வயசு. வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள். ஒரு வகுப்பறையில ஆறு குடும்பம். ஒருநாள் ரேடியோவில சொன்னவங்கள், ஆமி எங்கட ஊரைப் பிடிச்சாச்செண்டு. வெற்றி எண்டு. பாட்டெல்லாம் போட்டவங்கள். அப்பா நிப்பாட்டேல்லை, முடியுமட்டும் கேட்டவர். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது சுதா, எங்கட வீடு ஆரோ ஒராளுக்கு வெற்றியெண்டு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆனா அனுராதபுரத்துல இருந்தவங்க சிங்களவங்கதானேக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"சனம்" என்றார். அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மிச்ச வெங்காயத்தை நான் உரித்தேன். தேநீர் தந்தார்.

எட்டு வருடப் பழக்கம். இதை ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எதற்கு எதற்கோ மணிக்கணக்காகப் போனில் பேசியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பிள்ளைகள் மறுபடி ஜோடி. அக்காவே அபியிடம் சொல்லிவிட்டாராம். வேலை அக்கா வீட்டுச் சமையலறை மேசையில். புது அட்டை, 'வெற்றி' போச்சு. மூன்று கட்டம் போட்டிருக்கிறார்கள். அரசன் சொன்னது: கல்வெட்டிலிருந்து. பிக்குகள் சொன்னது: அவர்கள் எழுதிவைத்ததிலிருந்து, கொள்ளை போன கதையெல்லாம். மூன்றாவது, ஊர்ச் சனம் சொன்னது. அதில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

"ஏதாவது எழுதுங்கடி, மார்க் போயிடும்."

"வாட், மேக் இட் அப்?" இது நிலா.

அக்காவும் சொல்லிப் பார்த்தார். "பிள்ளை, ஒரு வீடாவது கீறுங்கோ. இப்பிடி மொட்டையா விடுறதே?"

"நோ, அம்மா. வீ லுக்ட் எவ்ரிவேர்." இது அபி. நூலகத்தில் இரண்டு மணி நேரம் தேடினார்களாம். எங்கள் இருவர் பேச்சையும் கேட்க ஆளில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ரயில் தாமதம். தோசைமாவு புளித்துப் போயிற்று. மார்க் வந்துவிட்டது.

மெரிட். அதற்கு மேலே ஒன்று இருக்கிறது, அது கிடைக்கவில்லை. டீச்சர் எழுதியது: நல்ல ஆய்வு, ஆனால் மூன்றாவது பகுதி முடிக்கப்படவில்லை.

முடிக்கப்படவில்லையாம்! நிலா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். நான் விடுவேனா? அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாத்தனீரே? அந்த டீச்சர் என்ன, விசரியோ? இருந்தாத்தானே எழுதுறதுக்கு!"

"அதைத்தான்க்கா நானும்..."

"சுதா, நாளைக்கு லீவு போடும். எட்டரைக்கு வேனோட வாறன். ரெண்டு பேரும் போய்க் கதைப்பம்."

லீவு கேட்டு மேலாளருக்கு மெசேஜ். காரணம்: குடும்ப விஷயம்.