கல்லில் ஒட்டிய அம்புக்குறி

என் கண்ணு செல்வராசு,

நீ பட்டாளத்தில் இருந்தபோதுகூட நான் உனக்கு ஒழுங்காக ஒரு கடிதம் போட்டதில்லை. எட்டாவதோடு நின்றவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும். பொறுத்துக்கொள்.

மங்கலம் ரோட்டு முக்கில் உனக்குச் சிலை வைத்து இரண்டு வருசமாகிறது. கையில் துப்பாக்கி, முறுக்கு மீசை. உனக்கு ஏதடா மீசை? நீ பட்டாளத்துச் சமையல்காரன். மலைமேல் இருந்தவர்களுக்குச் சோறு கொண்டுபோன வண்டி பள்ளத்தில் உருண்டதில் போய்ச் சேர்ந்தாய். உன்னை எடுத்துவந்த அன்று ஊரே திரண்டு நிற்க, யாரோ மைக்கை நீட்டினார்கள். என் ஆயுசில் முதல் மைக். "கடைசி வரைக்கும் துப்பாக்கிய வுடலீங்க எம்பையன்" என்று சொல்லிவிட்டேன். அதை அப்படியே சிலைக்கு அடியில் கல்லில் வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் மாலை, மைக், அதே வரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே சில சமயம் நம்பிக்கை வந்துவிடுகிறது.

போன வாரம் பட்டாளத்தில் உன்னோடு இருந்த சிநேகிதன் தாராபுரத்திலிருந்து வந்தான். கல்லைப் படித்துவிட்டு நம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டான்.

"ஏனுங்கப்பா, அவன் துப்பாக்கிய எங்க புடிச்சான்? குளிர்ல வெரல் மரத்துப்போனவங்களுக்கு ஊட்டி உட்டவனாச்சுங்களே. அத ஒருத்தரும் எழுதலீங்களா?"

"இந்த மனுசன் ஒரு பொய்யச் சொல்லி எம்பையனையே மறைச்சுப்போட்டாரு சாமி" என்றாள் உங்கம்மா.

சிலைக் கமிட்டித் தலைவரிடம் போனேன். "இப்பப் போயி கல்ல மாத்துனா ஊரு சிரிக்காதுங்களா? பையனுக்குத்தான கேவலம்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது பனியன் கம்பெனிச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை கண்டால் பக்கத்தில் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். நேற்றுக் காலை வேலைக்குப் போகிற வழியில், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டினேன். சாயங்காலம் தலைவர் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "எந்த நாயி ஒட்டுச்சோ, பாருங்க" என்றார். "ஆமாங்க" என்று நானும் நகத்தால் சுரண்டினேன்.

உன்னைக் கொண்டுபோனது அந்த மலை மட்டும்தானா கண்ணு?

வருகிற குடியரசு தினத்துக்கு மறுபடி மைக் நீட்டுவார்கள். எம்பையன் சோறாக்கிப் போட்டவனுங்க என்று சொல்லிவிடுவேன். அவ்வளவுதானே? நாக்கு எழாவிட்டால், ஸ்டிக்கர் ரோல் சட்டைப் பையில் இருக்கும். அத்தனை பேர் முன்னாலும் ஒட்டுவேன். இந்தத் தடவை சுரண்ட மாட்டேன்.

உன் கையில் துப்பாக்கியைத் திணித்த,
உன் அப்பன்.