அபின் இல்லாத படையல்

என் பிரியத்துக்குரிய அப்பா,

பிரியம் பொய்யில்லை. ஆனால் நான் எழுதுவது கோபத்தில்.

நேற்று உங்கள் முதல் தெவசம். ஆத்தா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நீங்கள் வந்தீர்களா?

தம்பி மாணிக்கம் அபினை விட்டுவிட்டான். ஐப்பசி மழையில் விட்டது. நடுங்கினான், வாந்தி எடுத்தான், எங்களைத் திட்டினான். இப்போது பசிக்கிறது, தூங்குகிறான். ஆனாலும் புதுக்கோட்டைக்குப் போனால் அபின் கடைத் தெருவை விட்டுச் சுற்றித்தான் நடக்கிறான்.

வயிற்றுவலி என்று அழுதவனுக்கு முதல் உருண்டையைக் கிள்ளிக் கொடுத்தது யார்? மூட்டுவலிக்கென்று நீங்கள் வைத்திருந்த அபின் டப்பாவிலிருந்து?

நீங்களும்தான் விட்டீர்கள், ஒரு கோடை முழுவதும். பிறகு திருமயத்தில் கல்யாண வீடு. உங்கள் அண்ணன், ஒரு நாள்தானே என்று நீட்டினார். பழைய அளவையே வாயில் போட்டீர்கள். உடம்பு அந்த அளவை மறந்திருந்தது. விரல்கள் மறக்கவில்லை. விடிந்தபோது நீங்கள் எழவில்லை.

அதே பெரியப்பா நேற்றும் வந்தார். மடியில் ஒரு பொட்டலம். படையலில் வைக்க.

"ஆசையாத் தின்னதை வைக்காம வெறுஞ்சோத்தையா வைக்கிறது? பசியோட வாசல்லயே நிப்பான்."

வேண்டாம் என்றேன்.

"செத்தவனுக்குப் பசிக்காதுன்னு திருச்சிக் காலேஜில சொல்லிக் குடுத்தாகளாக்கும்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆத்தா தலை குனிந்தாள். உங்களைப் பட்டினி போட அவளுக்கு மனமில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இலை போட்டு, கதவைச் சாத்தி, எல்லாரும் வெளியே நிற்பது. நீங்கள் வந்து சாப்பிட்டுப் போன பிறகு கதவைத் திறந்து, இலையில் இருப்பதை வீட்டார் பங்கிட்டுக்கொள்வது. பெரியப்பா பொட்டலத்தைப் பிரித்து இலையோரம் வைத்தார்.

மாணிக்கம் என் பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

"அண்ணே, அதை உள்ள வச்சுக் கதவைச் சாத்தினா, தொறக்கறப்ப மொத ஆளா உள்ள போறது நான்தான்."

ஆத்தாவுக்கும் கேட்டது. இலையோரத்திலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தவள் அவள்தான். நான் அடுப்பைப் பார்த்து நடந்தேன்.

"நெருப்புல வேணாம்ண்ணே. அந்தப் பொகை வாசமே போதும் என்னைய மறுபடி இழுக்க."

கண்மாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்தேன். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே வீட்டுக்குத் திரும்பினேன். பெரியப்பா சாப்பிடாமல் போயிருந்தார். போகட்டும்.

கதவைச் சாத்தினோம். திறந்தோம். சோறு வைத்தபடியே இருந்தது. மாணிக்கம் உட்கார்ந்து, குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நீங்கள் பசியோடு வாசலில் நின்றீர்களா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நின்றிருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவன் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த வருஷமும் இலை போடுவேன். சோறு இருக்கும், குழம்பு இருக்கும். அது இருக்காது. அதற்காக எத்தனை வருஷம் வாசலில் நின்றாலும் சரி, அவனை உங்களிடம் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
முதலில் மாணிக்கத்தின் அண்ணன்,
அதற்குப் பிறகே உங்கள் மகன்.