மேஸ்திரி வெட்டிய அட்டை

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? மருந்தை விழுங்குகிறாளா, துப்புகிறாளா? நான் நலம்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

எங்கள் கத்திப் பட்டறையில் தகட்டின்மேல் கத்தி வடிவில் வெட்டிய டெம்ப்ளேட்டை வைத்து, ஓரமாகக் கம்பியால் கீறி, அந்தக் கோட்டில் வெட்டுவோம். ஒன்றையே நூறு தடவை வைக்க வேண்டும். அதை இரும்பிலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ செய்யுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மேஸ்திரியோ தான் தின்று போட்ட சாப்பாட்டு டப்பாவின் அட்டையை வெட்டிக் கொடுத்தார். எண்ணெய் ஊறி, எறும்பு மொய்த்து, தொடவே குமட்டியது. கீறக் கீற ஓரம் நைந்து வடிவம் சிறுத்துப்போய், நாற்பது கத்திகள் உறைக்குள் லொடலொடத்தன.

"காலேஜ் படிச்ச கை நடுங்குதும்மா" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே.

"நடுங்கினது கை இல்ல மேஸ்திரி, உங்க எச்சில் அட்டை" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிவிட்டது. நாற்பதையும் மறுபடி செய்தால்தான் லீவாம். நேற்று நானே இரும்பில் டெம்ப்ளேட் வெட்டினேன். அதில் மேஸ்திரி தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். சீ, என்ன பிறவியோ!

அதனால் பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கும் நாளுக்கு என்னால் வர முடியாது. இதை விட்டால் அடுத்த லீவுக்கு மாதக்கணக்காகும். உங்கள் பிள்ளையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டு வா என்று குதிப்பார்.

ஷூ வாங்கி அனுப்புகிறேன். அவள் பாதத்தை வரைந்து அனுப்புங்கள். நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து வரையுங்கள். ஒரே தடவைதானே வைக்கப்போகிறோம், சாதாரணத் தாளே போதும் அத்தை. நான் வருவதற்குள் அந்த அளவு அவளுக்குப் பற்றாது.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மருமகள்