தோற்ற நீதிபதியின் பத்தி

மார்ச் 3
மன்னிக்கவும். வழக்குத் தேதிகளைக் குறிக்க வக்கீல் ஆபீஸில் கொடுத்த டைரி இது. என் வயிற்றெரிச்சலைக் குறிக்க அல்ல. வேறு யாரிடம் சொல்வேன்?

கண்டக்டர் அக்கா வழக்கில் பேசப்போவது நீதிபதி மகளாம். என்னோடு சேர்ந்த ஜூனியர்தான் அவளும். அக்கா கர்ப்பமானதும் பஸ் நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. தற்காலிக ஊழியர் என்று காரணம். அக்காவோடு உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கேட்டு எழுதியவள் நான். வாதாட எனக்குத் தாருங்கள் என்று கேட்கத்தான் சீனியர் அறைக்குள் போனேன். "என்னம்மா?" என்றார். "ஃபேனை நிறுத்தட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 5
அவள் அங்கி அளவெடுத்துத் தைத்தது. என்னுடையது தோளில் நிற்காது.

மார்ச் 8
அப்பா போனில்: "கோர்ட்டுல எப்பம்மா பேசுவே? எங்கிட்டயே பேச மாட்டேங்கிறியே!"

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அவள் வீட்டில் சாப்பிடும்போதே தீர்ப்புகளை அலசுவார்களாம்.

மார்ச் 11
எழுத்து வாதத்தை என் மேஜையில் போட்டாள். "பக்க எண் மட்டும் பார்த்துடுப்பா."

பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது.

தற்காலிக ஊழியருக்குப் பேறுகால உரிமை இல்லை என்ற பழைய தீர்ப்பு. மூன்று நீதிபதிகளில் இருவர் சொன்னதுதான் சட்டம். மூன்றாமவர் உரிமை உண்டு என்று மாறுபட்டு எழுதியிருந்தார், எடுபடவில்லை. இவள் எடுத்துப் போட்டிருப்பது அந்த மூன்றாமவரின் பத்தி! முதல் வருட மாணவிகூட இப்படிச் செய்ய மாட்டாளே?

பக்க எண் சரி. "சரியா இருக்கு" என்றேன்.

மார்ச் 12
சொல்லணும். ஒரு நாள் அவளும்தான் அவமானப்படட்டுமே — ஆனா அக்கா? ஏழு மாச வயிறு. நான் என்ன ஜென்மம்? காலைல சொல்லிடறேன்.

மார்ச் 13
சொல்லவில்லை. கோர்ட் வாசலில் வாயெடுத்தேன், அதற்குள் குமாஸ்தாக்கள் ஓடிவந்து அவளுக்கு வணக்கம் வைத்தார்கள். மூடிக்கொண்டேன்.

அவள் பத்தியைப் படித்ததும் நடுவில் இருந்த நீதிபதி கண்ணாடியை இறக்கினார். "அம்மா, இது மாறுபட்ட தீர்ப்பாச்சே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு தெரியக் கூடாதே.

"தெரிஞ்சுதான் படிச்சேங்கய்யா. அந்த ரெண்டு பேர் சொன்னது தப்புன்னு சொல்லத்தான் வந்திருக்கோம். பெரிய அமர்வு ஒரு தடவை கேக்கட்டும்."

அதே பத்தியை நானும்தான் படித்திருந்தேன். தோற்றது என்று தெரிந்ததும் மூடிவைத்தேன்.

ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை அக்கா வேலையில் இருக்கலாம்.

வெளியே அக்கா என் கையைப் பிடித்தாள். "பஸ்ஸையே அதட்டுறவ நான், அங்க எச்சில் முழுங்க முடியல. ஆமா, எனக்கு நடந்ததை யாருமே சொல்லலியேம்மா?"

மே 19
அக்காவுக்குப் பெண் குழந்தை.

ஜூன் 9
நாளை மறுநாள் ஏழு பேர் முன்னால். மாலையில் நீதிபதி மகள் செருப்பைக் கழற்றிப்போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். "பயமா இருக்குப்பா" என்றாள். அவளுக்கா?

மார்ச்சில் நான் நினைத்ததைச் சொன்னேன்.

"நான் விழுவேன்னு வேடிக்கை பார்த்தியா?"

"ஆமா."

முறைத்தாள். "அடிப்பாவி" என்றாள். அப்புறம் பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள்.

எடுக்கவில்லை. நழுவிய என் அங்கியைத் தோளில் ஏற்றிவிட்டுக் கேட்டேன்:

"முதல் பத்து நிமிஷம் எனக்குக் குடு. அக்காவுக்கு நடந்ததை நான் சொல்றேன். சட்டத்தை நீ சொல்லு."