லெட்டிஸ் மூன்றாம் முறை வென்ற நாள்

செப்டம்பர் 8, 1889

என் அன்பு திர்ஸா,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அந்தக் கனடாப் பண்ணையில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற டாக்டர் தன் காலுக்கு ஒன்றும் போட மாட்டார். எனக்கு எந்நேரமும் அசதி, உட்கார்ந்தால் எழ மனம் வரவில்லை. அகஸ்டா சித்தி போனதை அப்பாதான் எழுதினார், கூடப்பிறந்த தங்கை செத்திருக்கிறாள், நீ ஒரு வரி எழுதவில்லையே அம்மா என்று கேட்டிருக்கிறாய். கை வரவில்லை மகளே. இன்று எழுதிவிடுகிறேன்.

நீ கப்பல் ஏறும்போது உன் தங்கைக்குப் பதின்மூன்று. அடுத்த வருஷமே சித்தி எக்ஸிட்டரில் தன் ரோஜாச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு டென்னிஸுக்குப் புல்தரை போட்டாள், கோடை முழுக்க லெட்டிஸை அங்கேயே வைத்துக்கொண்டாள். மற்றப் பெண்கள் முதல் பந்தைக் கீழிருந்து தட்டிப் போடுவார்கள், இவள் ஆண்களைப் போலத் தலைக்கு மேல் மட்டையை ஓங்கி அடிப்பாள். பாதிரியார் மனைவி, "பொம்பளப் புள்ளைக்கு இந்த வீச்சு எதுக்கு, எவன் கட்டிக்குவான்" என்று கேட்டதற்குச் சித்தி, "கட்டிக்க வர்றவன் மொதல்ல இவளை ஒரு ஆட்டம் ஜெயிக்கட்டும்" என்றாள். பதினேழு வயதில் லெட்டிஸ் பாத் நகரப் போட்டியில் பட்டம் வாங்கினாள், மறுவருஷமும் வாங்கினாள். ஆடிவிட்டு வந்தால் இறுக்கிக் கட்டிய உள்கச்சையின் கம்பி குத்தி இடுப்பெல்லாம் ரத்தமாக இருக்கும், நான் களிம்பு தடவுவேன், வாயைத் திறந்து வலி என்று சொல்ல மாட்டாள்.

மூன்றாம் முறையும் ஜெயித்தால் கோப்பை திரும்பக் கொடுக்க வேண்டாம், அவளுக்கே சொந்தம். பட்டம் வைத்திருப்பவள் வாரம் முழுக்க ஆடவும் வேண்டாம், மற்றவர்கள் மோதி முடித்து மிஞ்சுகிறவளோடு கடைசி நாளில் ஒரே ஆட்டம். அன்று வராவிட்டால் ஆடாமலே பட்டம் எதிராளிக்குப் போய்விடும். இந்த வருஷம் அந்தக் கடைசி நாள் காலை எட்டரைக்குத்தான் தபாலாபீஸ் திருமதி டக்வெல் தந்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சித்தி விடியற்காலையில் போய்விட்டாள் என்றிருந்தது. அப்பா பக்கத்து ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். லெட்டிஸ் மாடியில் வெள்ளைப் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னால் அந்த நிமிஷமே கறுப்பு உடுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு விளையாட்டு, விருந்து ஒன்றும் கிடையாது. நான் தந்தியை மடித்துக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு அவளோடு ரயில் ஏறினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இப்போதுதான் தந்தி வந்தது என்று பொய் சொன்னேன். அவள் அழுத அழுகையைப் பார்த்து அப்பாவும் அழுதார். நான்காம் நாள் துக்கம் கேட்க வந்த டக்வெல் கூடத்தில் எல்லோர் முன்னாலும், "காலையில நான் தந்தியக் குடுத்ததும் கெளம்பிப் போனீங்களே, சாவு வீட்டுக்குத்தான் ரயிலேறுறீங்கன்னு நெனச்சேன், ஆட்டத்துக்காம்ல" என்று போட்டு உடைத்துவிட்டாள். லெட்டிஸ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மெதுவாகத்தான் கேட்டாள், "சித்திக்காக நான் அந்தக் கோப்பையை விட்டுக் குடுத்திருப்பேனே, அதைக்கூட என்னைச் செய்ய விடலையேம்மா" என்று. மறுநாளே கோப்பையைப் பெட்டியில் வைத்து, அன்று அவளிடம் தோற்றுப்போன மிஸ் ஹோல்ராய்டுக்கு அனுப்பினாள். அந்தப் பெண், நீங்கள் நேராக ஆடி ஜெயித்தது, எனக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. பெட்டி பிரிக்காமலே மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. இனி மட்டையைத் தொட மாட்டாளாம். இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை திர்ஸா, இந்த மாவட்டத்தில் அவளுக்கு நிகராக ஒருத்தி கிடையாது. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான், தானாக என்னிடம் ஒரு வார்த்தை பேசி இரண்டு மாதம் ஆகிறது.

பெற்ற மனம் பித்து, மகளுக்காக மறைத்தாள் என்று ஊர் என்னை மன்னித்துவிட்டது, அப்பாவும்தான். அது உண்மையில்லை மகளே, உனக்கு மட்டும் சொல்கிறேன். ரயிலில் தந்தி உள்ளங்கையை உறுத்திக்கொண்டே வந்தது. மைதானத்தில் உட்கார்ந்ததும் மறந்துபோனேன். கடைசி செட்டில் ஐந்துக்கு இரண்டு என்று தோற்கிற நிலையில் இருந்தவள், ஏழுக்கு ஐந்து என்று ஜெயித்தாள். என் தங்கை அங்கே குளிர்ந்து கிடக்கிறாள், நான் எழுந்து நின்று கை தட்டினேன். ஒப்புக்குத் தட்டவில்லை. அந்த நேரத்தில் என்னைவிடச் சந்தோஷமானவள் இங்கிலாந்தில் யாரும் இல்லை.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக, பனி விழுமுன் சின்னவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்புகிறேன். மறக்காமல் தங்கைக்கு எழுது, அக்கா சொன்னால் கேட்பாள், மறுபடி ஆடச் சொல். கடைசியாக நான் எழுதியதை அவளிடம் சொல்லாதே, அதை நானே சொல்ல வேண்டும், இன்னும் தைரியம் வரவில்லை.

உன் அம்மா,
ஹானர் பார்ஜிட்டர்